தலைப்பிடும் கலை: ஃபிஹ்ரிஸ்த் முதல் மின்னூலகம் வரை

ஒரு நூல் உலகில் இருப்பது ஒன்று. தேடுவோர் கைக்கு அது எட்டுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே கற்றோர் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. நூல் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை ஆராய்ந்து, அதனை நாடி வருவோர் எச்சொல்லால் தேடுவரோ அச்சொல்லை அதன் பெயரோடு சேர்த்துப் பதிந்து வைப்பதே அப்பணி. நூலகவியலார் இதனைப் பொருட்குறிப்பு என்பர். கணினித் துறையினர், ஒரு வளத்தை விவரிக்கும் குறிப்புகள் அனைத்தையும் மெட்டாடேட்டா என்றும் தமிழில் மீதரவு என்றும் வழங்குகின்றனர். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றைப் போல அதன் பொருளும் மீதரவின் ஓர் உறுப்பாகும்.

பெயர் புதிதே தவிரப் பணி புதிதன்று. ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்களைக் கற்றுக்கொடுத்த செய்தியை அல்பகரா அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஒவ்வொன்றையும் அதற்குரிய பெயரால் அறிவது மனிதனுக்கு அருளப்பட்ட முதற்கல்வி. அக்கல்வியை நூல்களின்மீது செலுத்திய சமுதாயங்களுள் முஸ்லிம் சமுதாயம் முன்வரிசையில் நின்றது. இன்று தமிழ் முஸ்லிம்களின் நூல்கள் மின்வடிவம் பெற்று வருகின்றன. இவ்வேளையில் அந்தப் பழைய மரபை நாம் நினைவுகூர்வது பெருமைக்காக மட்டுமன்று, தேவைக்காகவும்தான்.

முஸ்னதும் ஜாமிஉம்

அரபுக் கல்லூரிகளில் ஹதீஸ் கலை பயில்வோர் தொடக்கத்திலேயே இருவகைத் தொகுப்புகளை அறிந்துகொள்கின்றனர். ஒன்று முஸ்னது, மற்றொன்று ஜாமிஉ. ஹிஜ்ரி 241இல் (கி.பி. 855) மறைந்த இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் முஸ்னது, அறிவிக்கும் நபித்தோழரின் பெயரால் அடுக்கப்பட்டது. அபூ ஹுரைரா (ரலி) அறிவித்தவை ஓரிடத்திலும் ஆயிஷா (ரலி) அறிவித்தவை வேறோரிடத்திலும் இருக்கும். அறிவிப்பாளர் யார் என்று அறிந்தவருக்கு இது நேர்வழி. ஜகாத்தைப் பற்றிய நபிமொழிகளைத் தேடுவோருக்கோ இது நெடுவழி.

ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அல்ஜாமிஉஸ் ஸஹீஹ் பொருளால் அடுக்கப்பட்டது. அதன் பாடத் தலைப்புகளைத் தராஜிம் என்கிறோம். இமாமவர்களின் சட்ட நுண்ணறிவு அத்தலைப்புகளிலேயே பொதிந்துள்ளது என்பது அறிஞர்களிடையே பரவலாக வழங்கும் கூற்று. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் கருத்துடைய நபிமொழியை எடுத்துக்கொள்வோம். அது அந்நூலில் ஏழு இடங்களில் வருகிறது: வஹீயின் தொடக்கம், ஈமான், அடிமை விடுதலை, அன்சாரிகளின் சிறப்பு, திருமணம், சத்தியமும் நேர்ச்சையும், சட்டத் தந்திரங்கள். ஒரே நபிமொழி ஏழு பொருள்களுக்கு உரியது என்று கண்ட ஓர் அறிஞர், ஏழு வாயில்களிலும் அதனை வைத்தார். ஒரு மின்வளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்குறிப்புகளை இடலாம் என்று இக்கால மீதரவு நெறிகள் கூறுவதன் உட்பொருள் இதுவேயாகும்.

இருபதாம் நூற்றாண்டில் மூன்றாவது வழியொன்றும் அமைந்தது. டச்சு அறிஞர் வென்சிங்கின் தலைமையில் தொடங்கிய அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ் என்னும் பேரகராதி, நபிமொழியில் வரும் சொல்லைக் கொண்டே அதன் இடத்தைக் காட்டியது. ஆயினும் சொல்வழி ஒன்றே போதும் என்று அவரும் கருதவில்லை. 1927இல் பொருள்வழி அட்டவணையொன்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். எகிப்திய அறிஞர் முஹம்மது ஃபுஆது அப்துல் பாகீ அதனை மிஃப்தாஹு குனூஸிஸ் ஸுன்னா என்னும் பெயரில் அரபியாக்கினார். ஆக, அறிவித்தவர் பெயர், மொழியில் வந்த சொல், பேசப்பட்ட பொருள் என மூன்று வாயில்கள். இவற்றுள் முதலிரண்டைப் பொறுமையுள்ள எழுத்தர் அமைத்துவிடலாம். மூன்றாவதை அமைக்க நூலின் உள்ளடக்கத்தை அறிந்தவர் வேண்டும்.

பாக்தாத் நூல்வணிகரின் பட்டியல்

நூல்களுக்கே இத்தகைய அடுக்கை அமைத்தவர் இப்னுந் நதீம். பாக்தாதில் நூல்களைப் படியெடுத்தும் விற்றும் வாழ்ந்த வர்ராக் மரபினர் அவர். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987-88) அவர் எழுதிய ஃபிஹ்ரிஸ்த், அரபியில் அந்நாள் வரை கிடைத்த நூல்களைப் பத்து மகாலாக்களாக, அதாவது பத்துப் பேரியல்களாகப் பகுத்தது. மொழிகளும் எழுத்துகளும் வேதங்களும், இலக்கணம், வரலாறும் உரைநடையும், கவிதை, கலாம், ஃபிக்ஹும் ஹதீஸும் என்பன முதல் ஆறு. தத்துவமும் பண்டைய அறிவியல்களும், கதைகளும் மாயக்கலையும், பிற சமயங்கள், இரசவாதம் என்பன எஞ்சிய நான்கு.

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் நம் கருத்துக்கு உரியவை. கவிஞர்களைப் பற்றிய இயலில் ஒவ்வொருவர் பாடல்களும் எத்தனை ஏடுகள் கொண்டவை என்று அவர் குறிக்கிறார். ஏடு என்பது பக்கத்துக்கு இருபது வரி கொண்டது என்றும் வரையறுக்கிறார். அளவுகோலைச் சொல்லாமல் அளவைச் சொன்னால் பயனில்லை என்பதை அவ்வணிகர் அறிந்திருந்தார். மற்றொன்று, அவர் குறித்த நூல்களுள் மிகப் பல இன்று உலகில் இல்லை. அவை இருந்தன, இன்ன பொருளைப் பேசின என்பதற்கு ஃபிஹ்ரிஸ்தே சான்றாக நிற்கிறது. நூல் அழிந்த பின்னும் அதன் பொருட்குறிப்பு வாழ்ந்து, அறிவின் வரலாற்றைக் காத்துள்ளது.

உஸ்மானியர் காலத்தில் இக்கலை மேலும் விரிந்தது. கி.பி. 1561இல் மறைந்த தாஷ்குப்ரூஸாதா தம் மிஃப்தாஹுஸ் ஸஆதாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட கலைகளை வகைப்படுத்தினார். 1657இல் மறைந்த காதிப் சலபி, ஹாஜி கலீஃபா என்று அறியப்பெற்றவர், கஷ்ஃபுழ் ழுனூனில் ஏறத்தாழப் பதினைந்தாயிரம் நூற்பெயர்களை அகர வரிசையில் திரட்டினார். அவ்வரிசைக்குள்ளேயே கலைகளின் பெயர்களையும் சேர்த்து விளக்கினார். நூற்பெயர் அறிந்தவரும் கலையின் பெயர் மட்டுமே அறிந்தவரும் ஒரே நூலில் வழிகாண முடிந்தது.

சென்னையில் இரு நிகழ்வுகள்

தமிழ் நூல்களின் பக்கம் வருவோம். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிய வேண்டும் என்று விதித்தது. நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், பக்க எண்ணிக்கை, படிகளின் எண்ணிக்கை, விலை, கல்லச்சா எழுத்தச்சா என்பது வரை அப்பதிவேட்டில் இடம்பெற்றன. பொருள் என்னும் தனிக்குறிப்பைச் சட்டமே கேட்டது என்பது கருதத்தக்கது. நூல்களைக் கண்காணிக்க எழுந்த சட்டம், பிற்கால ஆய்வாளருக்கு ஒரு களஞ்சியத்தை விட்டுச் சென்றது. ஆயினும் பொருளைத் தீர்மானித்தது நூலுக்குரிய சமுதாயமன்று, அரசின் பதிவாளர். அக்கால ஆங்கிலப் பட்டியல்களில் இஸ்லாம் என்னும் பெயருக்குப் பதிலாக முகம்மதனிசம் என்னும் சொல்லே பெரிதும் வழங்கியது. நம் மார்க்கத்தை நாம் ஒருபோதும் அழைக்காத பெயரால் பிறர் தலைப்பிட்டனர்.

இரண்டாவது நிகழ்வு, சீர்காழி மண்ணில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பணி. கணிதப் பேராசிரியரான அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அன்று உலகெங்கும் பரவியிருந்தது டியூவியின் தசமப் பகுப்பு. 1876இல் தோன்றிய அப்பகுப்பில் சமயத்துக்குரிய எண்களுள் பெரும்பகுதி கிறித்தவத்துக்குச் சென்றது. ஏனைய சமயங்கள் அனைத்தும் 290 என்னும் ஒரே பிரிவுக்குள் அடங்க, இஸ்லாம் 297 ஆயிற்று. 1933இல் ரங்கநாதன் வெளியிட்ட கோலன் பகுப்பில் கிறித்தவத்துக்கு 6, இஸ்லாத்துக்கு 7 எனச் சமயங்கள் ஒரே வரிசையில் அமர்ந்தன. பகுப்புமுறை என்பது வெறும் எண் விளையாட்டன்று. எது பெரிது, எது சிறிது என்னும் பார்வையும் அதனுள் இருக்கிறது.

ரங்கநாதனின் பெரும்பங்களிப்பு வேறொன்று. ஒரு நூலின் பொருளை ஒற்றைப் பெட்டிக்குள் அடைக்காமல், அதன் கூறுகளைப் பிரித்துக் காணச் செய்தார். எதைப் பற்றியது, எச்செயலைப் பற்றியது, எவ்விடத்தைச் சார்ந்தது, எக்காலத்தைச் சார்ந்தது எனக் கூறுகள் தனித்தனியே குறிக்கப்பட்டு, இடையே முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைக்கப்பட்டன. இன்றைய மின்னூலகங்களில் பொருள், இடம், காலம் எனத் தனித்தனிக் கட்டங்களைத் தெரிவுசெய்து தேடலைச் சுருக்கிக்கொண்டே செல்கிறோமே, அதன் வேரில் இச்சிந்தனை இருக்கிறது.

பதினைந்து உறுப்புகள்

1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் நூலகவியலாரும் கணினி அறிஞரும் கூடினர். இணையத்தில் பெருகும் வளங்களை எளிமையாக விவரிக்க ஒரு பொதுநெறி காண்பதே நோக்கம். அங்கு தொடங்கிய முயற்சி டப்ளின் கோர் என்னும் பதினைந்து உறுப்புகளாக உருப்பெற்று, 2003இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாயிற்று. தலைப்பு, படைத்தவர், பொருள், விவரம், வெளியிட்டவர், துணைநின்றவர், நாள், வகை, வடிவம், அடையாள எண், மூலம், மொழி, தொடர்பு, பரப்பு, உரிமை என்பன அவை. எவ்வுறுப்பையும் விடலாம், எவ்வுறுப்பையும் மீண்டும் மீண்டும் இடலாம்.

பொருள் என்னும் உறுப்புக்கு அந்நெறி ஓர் அறிவுரை கூறுகிறது: மனத்தில் தோன்றிய சொல்லை இடாமல், முன்னரே வரையறுத்த சொற்பட்டியலிலிருந்து எடுத்து இடுவது நன்று. இதன் காரணம் தமிழ் முஸ்லிம்களுக்கு எளிதில் விளங்கும். ஒருவர் தொழுகை என்று எழுதுவார். ஒருவர் ஸலாத் என்பார். இன்னொருவர் நமாஸ் என்பார். நோன்பும் ஸவ்மும் ரோஜாவும் ஒன்றே. ஜகாத்தை ஸகாத் என்றும் ஏழைவரி என்றும் எழுதியோர் உளர். நபிபெருமானாரின் (ஸல்) திருப்பெயரே முகம்மது, முஹம்மத், மகம்மது எனப் பலவாறு அச்சேறியுள்ளது. மனிதக் கண் இவற்றை ஒன்றென அறியும். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் இயந்திரம் அறியாது. ஒன்றைத் தலைச்சொல்லாகக் கொண்டு ஏனையவற்றை அதனோடு பிணைத்து வைத்தாலன்றித் தேடுவோர் கைக்கு ஒரு பகுதியே வரும்.

நம் நூல்கள் எங்கே நிற்கின்றன?

இந்நெறியைக் கொண்டு நம் இலக்கியங்களை நோக்குவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் பதிப்பித்தார். புராணம் என்னும் தலைப்பின்கீழ் இதனை அடைத்தால் ஏனைய புராணங்களோடு நிற்கும். சீறா என்பது ஸீரத் என்னும் அரபுச் சொல் என்று உணர்ந்து நபி வரலாறு எனவும் குறித்தால், இப்னு ஹிஷாமின் நூலுக்குப் பக்கத்திலும் நிற்கும். இரண்டும் வேண்டும். வண்ணப்பரிமளப் புலவரின் நூலை ஆயிரம் மசலா என்று அறிந்தவருக்கு அதிசய புராணம் என்னும் அதன் மறுபெயர் தெரியாதிருக்கலாம். மசலா என்பது வினாவைக் குறிக்கும் மஸ்அலா என்று அறியாத பட்டியலாளர் அதனை எங்கு வைப்பார்? குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் சித்தர் பாடல் தொகுதிகளிலும் இடம்பெறுகின்றன. அது தவறன்று. தஸவ்வுஃப் என்னும் குறிப்பும் உடன் இருந்தால்தான் அவரைத் தேடும் மற்றொரு சாராரும் காண்பர்.

மிகுந்த இடர்ப்பாட்டில் இருப்பவை அரபுத்தமிழ் நூல்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அம்மரபு, மார்க்கச் சட்டங்களை ஆண்களுக்கும் பெண்களுக்கும் வீட்டுக்குள்ளேயே கற்பித்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் ஃபத்ஹுத் தய்யான் இவ்வகைச் சட்ட நூலே. எழுத்தைப் பார்த்து மொழியை முடிவுசெய்யும் ஒருவர், மொழி என்னும் இடத்தில் அரபு என எழுதிவிட்டால் நேர்வது என்ன? அரபு அறிந்தவர் அதனைத் திறந்து, விளங்காமல் மூடிவிடுவார். தமிழர் தமிழ் நூல்களுள் தேடிக் காணாமல் போவார். நூல் மின்னூலகத்தில் இருக்கும், யாருக்கும் இராது. மொழிக்கு ஒரு குறியும் எழுத்துக்கு வேறு குறியும் இடப் பன்னாட்டு நெறிகள் இன்று இடமளிக்கின்றன. மொழி தமிழ், எழுத்து அரபு என்று இரண்டையும் குறித்தால் இவ்விடர் தீரும்.

மின்படி எடுப்பதில் மட்டும் விரைந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2000க்குப் பின் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முதலிய நிறுவனங்களின் பங்கேற்போடு இந்திய மின்னூலகத் திட்டம் பல இலட்சம் நூல்களை ஸ்கேன் செய்தது. போற்றத்தக்க பெருமுயற்சி அது. ஆனால் இந்திய மொழி நூற்பெயர்கள் சீரான முறையின்றி ரோமன் எழுத்தில் தட்டச்சாயின. பொருட்குறிப்பும் நூலுக்கு நூல் ஒழுங்கின்றி அமைந்தது. அந்நூல்களின் படிகள் இன்று இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கின்றன. பெயர் எவ்வாறு பிழைபட்டிருக்கக்கூடும் என்று ஊகித்துத் தேடுவோருக்கே அவற்றுட் பல கிட்டுகின்றன. மாறாக, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களைத் திரட்ட 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும், மின்படியோடு பட்டியலையும் பணியின் பகுதியாகக் கொண்டு நடந்து வருகின்றன.

கொமரலிங்கத்திலிருந்து தேடும்போது

பொருட்குறிப்பின் நுட்பம் ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது நன்கு விளங்கும். அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கத்தைக் கொள்வோம். குமரலிங்கம் என்றும் இவ்வூர்ப்பெயர் எழுதப்படுகிறது. 2009 வரை இவ்வூர் கோவை மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு திருப்பூர் மாவட்டம் உருவானபின் அதனுள் வந்தது. ஆகவே இவ்வூரைப் பற்றிய பழைய ஆவணம் எதுவும் திருப்பூர் மாவட்டம் என்னும் சொல்லைத் தாங்கியிராது. இடம் என்னும் உறுப்பில் இரு ஊர்ப்பெயர் வடிவங்களையும் இரு மாவட்டப் பெயர்களையும் குறித்து வைத்தாலன்றி, இன்றைய மாணவர் தம் ஊரின் வரலாற்றைத் தம் ஊர்ப்பெயரால் காணமாட்டார்.

மார்க்க நூல்களைத் தேடுவோருக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. கொங்கு நாட்டு முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் தோன்றிய சட்ட நூல்களோ பெரிதும் ஷாஃபிஈ மத்ஹபைத் தழுவியவை. தொழுகை என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒரு நூலைக் கொமரலிங்கத்து இளைஞர் ஒருவர் திறப்பதாகக் கொள்வோம். சுப்ஹுத் தொழுகையில் வழக்கமாகக் குனூத் ஓதவேண்டும் என்று அதில் படித்து, தம் பள்ளிவாசலில் அவ்வாறு ஓதாதது கண்டு மயங்குவார். நூலிலும் பிழையில்லை, பள்ளிவாசலிலும் பிழையில்லை. மத்ஹப் என்னும் ஒரு சொல்லை எழுதாமல் விட்டவரால் வந்த மயக்கம் இது. இக்கூறு பொருட்குறிப்பில் இடம்பெற வேண்டும் என்பதை ஃபிக்ஹு அறிந்தவரன்றி வேறு யார் சொல்வார்?

இந்த வட்டாரத்தாருக்கு இதனை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. திருப்பூரிலிருந்து செல்லும் ஒவ்வொரு பனியனிலும் அளவு, நூலின் வகை, துவைக்கும் முறை என லேபிள் தைக்கப்படுகிறது. லேபிள் இல்லாத சரக்கு எத்துணை உயர்ந்ததாயினும் வாங்குவோர் கைக்குச் சேராது. துணிக்கு நாம் செய்வதை நூலுக்கும் செய்ய வேண்டும்.

இனிச் செய்யத்தக்கது

கணினி இப்போது நூலின் உள்ளே உள்ள சொற்களையும் தேடித் தருகிறதே, பொருட்குறிப்பு எதற்கு என்று சிலர் வினவலாம். தெளிவாக அச்சான தமிழ் நூலுக்கு அது பெருமளவு பொருந்தும். பழைய கல்லச்சில் பதிந்த அரபுத்தமிழ்ப் பக்கத்தை இயந்திரம் பிழையின்றிப் படிப்பது அரிது. படித்தாலும் அது தருவது சொல்லையே. ஹதீஸ் கலையில் கண்டதுபோல, சொல்வழி அகராதி வந்தபின்னும் பொருள்வழி அட்டவணையின் தேவை நீங்கவில்லை. வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துக என்பது 1931இல் ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவதன் கருத்து. ஆயிரம் பக்கங்களைக் கொண்டுவந்து குவிப்பதால் அவ்விதி நிறைவேறுவதில்லை.

இப்பணிக்குப் பெருஞ்செல்வமோ பெருங்கருவிகளோ தேவையில்லை. பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் இல்லங்களிலும் உள்ள பழைய நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் போதும். நூற்பெயர் அதன் சொந்த எழுத்திலும் தமிழ் எழுத்திலும். ஆசிரியர் பெயரும் அதன் வேற்று வடிவங்களும். மொழியும் எழுத்தும் தனித்தனியே. கலை எது என்பது. சட்ட நூலாயின் மத்ஹப். அச்சான ஊரும் ஆண்டும். நூல் இருக்கும் இடம். இத்தனையும் எழுதப்பட்ட தாளை எந்த மின்னூலகமும் தன் முறைக்கு எளிதில் மாற்றிக்கொள்ளும். அரபுக் கல்லூரிகளின் மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் தம் ஊரின் பத்து நூல்களுக்கு இவ்வாறு எழுதித் தருவதைப் பயிற்சியாகக் கொள்ளலாம். கலைகளைப் பெயரிட்டு வகுக்கக் கற்கும் அவர்களுக்கு இது புறப்பாடமன்று. தலைச்சொற்கள் எவை என்பதை ஆலிம்களும் தமிழறிஞரும் நூலகவியலாரும் ஒருங்கே அமர்ந்து முடிவுசெய்வது நலம். நம் நூல்களுக்கு நாமே தலைப்பிடாதபோது பிறர் எத்தகைய தலைப்பை இட்டனர் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டியல்களில் கண்டோம்.

இதில் காலந்தாழ்த்த இடமில்லை. ஸ்கேன் செய்யும் கருவி இன்று இல்லையாயின் நாளை கிடைக்கும். இன்றைய கருவியினும் அது சிறந்ததாகவும் இருக்கும். அரபுத்தமிழைத் தடையின்றி ஓதி, இது இன்ன கலை, இன்னாருடைய நடை என்று சொல்ல வல்ல முதியோரும் மூதாட்டியரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து ஒவ்வொரு நூலின் பொருளையும் கேட்டு எழுதி வைப்போமாக. வல்ல நாயன் அதற்கு அருள்புரிவானாக.